ஓய்வெடுக்கும் முடிவைப் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1975-ஆம் ஆண்டு பிறந்தவர்களில் ஏறத்தாழ 30,000 சிறுவர்கள் ஐஸ் ஹாக்கி ஆடினார்கள். அவர்களில் என்.எச்.எல். அணிகள் டிராஃப்டில் தேர்ந்தெடுத்தது 48 பேரை. அந்தத் தொழில்முறை லீகில் ஓர் ஆட்டமாவது களமிறங்கியவர்கள் 32 பேர். கென் கேம்பெல், ஜிம் பார்செல்ஸ் என்ற இருவர் 2013-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். பெற்றோரைப் பார்த்து ‘வீண் கனவு காணாதீர்கள்’ என்று சொல்லத்தான் இந்த எண்களை வழக்கமாக எடுத்துப் போடுவார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. கனவு காண எவருக்கும் உரிமையுண்டு. என் கேள்வி வேறு. அந்த 32 பேரை உருவாக்குகிறோம் என்ற பெயரில் மற்ற எல்லாப் பிள்ளைகளின் பத்து வயதையும் பன்னிரண்டு வயதையும் என்ன செய்தோம்? அதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்றும் இருக்கிறது: அப்படிச் செய்ததால் அந்த 32 பேருக்காவது நன்மை கிடைத்ததா?

ஹாக்கி என்றதும் நம் ஊரில் மண் மைதானம்தான் நினைவுக்கு வரும். அதற்கும் பிறகு வருகிறேன். முதலில் ஐஸ் ஹாக்கியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், பிள்ளைகளின் பயிற்சியைக் குறித்து இவ்வளவு ஆராய்ச்சியும் இவ்வளவு சண்டையும் நடந்த விளையாட்டுகள் அதிகமில்லை என்பதுதான். டொரொன்டோ, ஸ்கார்பரோ பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அக்கம்பக்கத்து விஷயமும்கூட. அங்கே நன்றாக ஆடும் பத்து வயதுப் பிள்ளையின் ஆண்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கும் சீசன் வசந்தம் வரை இழுக்கும். முடிந்த கையோடு அடுத்த ஆண்டு அணிக்கான தேர்வு. அதோடு வசந்தகால அணி ஒன்று, கோடை முகாம் ஒன்று, ஸ்கேட்டிங் சொல்லித்தரத் தனி ஆசிரியர், உடற்பயிற்சிக்கு இன்னொருவர். குளிர்கால விளையாட்டாக இருந்தது பன்னிரண்டு மாத வேலையாகிவிட்டது. சம்பளம் மட்டும் கிடையாது. பணம் கொடுப்பவர் அப்பா.

இந்த ஓட்டத்தின் முடிவில் சில பிள்ளைகளுக்கு நேர்வதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். களைப்பு வேறு, இது வேறு. களைப்பு இரண்டு நாள் தூங்கினால் போய்விடும். விளையாட்டு உளவியலாளர் தாமஸ் ரேடெக்கி இதற்கு மூன்று அறிகுறிகளை வகுத்தார். உடலும் மனமும் வற்றிப்போவது முதலாவது. எவ்வளவு செய்தும் எதையும் சாதிக்கவில்லை என்ற நினைப்பு இரண்டாவது. ஒரு காலத்தில் உயிராக நேசித்த விளையாட்டே வெறுத்துப்போய், ‘இதெல்லாம் எதற்கு’ என்று தோன்றுவது மூன்றாவது. மூன்றாவதுதான் ஆபத்தானது. முதல் இரண்டோடு ஒரு பிள்ளை திரும்பி வரக்கூடும். மூன்றாவது வந்துவிட்டால் பெரும்பாலும் வருவதில்லை.

இப்படி ஒரு பிள்ளை விலகும்போது நாம் உடனே தேடுவது அந்தப் பிள்ளைக்குள்தான். மன உறுதி போதவில்லை, போட்டியைத் தாங்கத் தெரியவில்லை, பதின்வயதில் கவனம் வேறு பக்கம் போய்விட்டது என்போம். கொஞ்சம் தாராள மனதுள்ளவர்கள் பெற்றோரைத் திட்டுவார்கள். சமூகவியலாளர் ஜே கோக்லி 1992-லேயே இந்தப் பார்வையைக் கேள்வி கேட்டார். பர்ன்அவுட் தனிமனிதத் தோல்வியா, சமூகம் உண்டாக்கும் சிக்கலா என்பதே அவர் கட்டுரையின் மையம். வளரும் பிள்ளைக்குத் தன்னை விளையாட்டு வீரன் என்பது தவிர வேறொன்றாகவும் அறிந்துகொள்ள இடமில்லாதபடியும், தன் நாளைத் தானே தீர்மானிக்க வழியில்லாதபடியும் அந்த விளையாட்டின் அமைப்பே கட்டப்பட்டிருக்கிறது என்றார். நான் சொல்லவருவதும் அந்த வழியில்தான், ஒரு படி கூடுதலாக. அமைப்பு உண்டாக்கிய சிக்கலை ஒரு குடும்பத்தின் நல்ல புத்தியால் தீர்க்க முடியாது. ஓய்வும் வேறு விளையாட்டும் விதிமுறையாக எழுதப்பட வேண்டும். பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரையாக இருக்கும்வரை அவை நடக்காது.

விதியாக்கச் சொல்வதற்கு முன்னால், ஓய்வு கொடுத்தால் ஆட்டம் கெடுமா என்பதைப் பார்த்துவிட வேண்டும். கெடும் என்றால் இது திறமைக்கும் சந்தோஷத்துக்கும் இடையிலான பேரமாகிவிடும். பல பெற்றோர் திறமையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் வால், ஜான் கோட்டே இருவரும் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உயர்மட்டத்தில் தொடர்ந்து ஆடும் இளம் ஹாக்கி வீரர்களையும், அதே மட்டத்தில் இருந்து பாதியில் விட்டவர்களையும் அது ஒப்பிட்டது. சின்ன வயதில் இரு தரப்பும் பலவித விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள். வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. விலகியவர்கள் பனித்தரைக்கு வெளியே செய்யும் உடற்பயிற்சியை இளவயதிலேயே தொடங்கியிருந்தார்கள். 12, 13 வயதில் அதற்கு அதிக மணிநேரம் செலவழித்திருந்தார்கள். பன்னிரண்டு குடும்பங்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்பதை மறைக்கக் கூடாது. அதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதே திசையில்தான் கை காட்டுகின்றன.

அவற்றில் முக்கியமானது ஆர்னே க்யூலிஷும் மற்றவர்களும் 2021-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 51 ஆய்வுகள், 6,096 விளையாட்டு வீரர்கள், அவர்களில் 772 பேர் உலகின் முதல்வரிசைக்காரர்கள். உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசிய அளவோடு நின்றவர்களைவிடச் சிறுவயதில் மற்ற விளையாட்டுகளில் அதிகம் பயிற்சி பெற்றிருந்தார்கள். தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருந்தார்கள். இதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். ஜூனியர் மட்டத்தில் வென்றவர்களைத் தனியாக எடுத்தால் கதை தலைகீழ்: சீக்கிரம் தொடங்கி, ஒன்றையே பிடித்துக்கொண்டவர்கள்தான் அங்கே முன்னணியில் இருக்கிறார்கள். பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பத்து வயதில் ஒரே விளையாட்டைத் திணித்தால் பன்னிரண்டு வயதில் கோப்பை வருகிறது. கண்ணால் கண்ட பலன் அது. அந்தப் பலனுக்கான விலை இருபத்தைந்து வயதில்தான் தெரியும். அதற்குள் அந்தப் பயிற்சியாளர் அடுத்த தொகுதிப் பிள்ளைகளிடம் போயிருப்பார்.

புல்தரை ஹாக்கியிலும் இதற்குச் சான்று உண்டு. ஜெர்மனியின் ஆண்கள் அணி 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றது. அந்த நாட்டு ஒலிம்பிக் குழு வீரர்களின் வளர்ச்சிப் பாதையை க்யூலிஷ் 2014-ல் ஆராய்ந்தார். முதல் சீனியர் சர்வதேச ஆட்டத்துக்கு வரும்போது அவர்கள் முறையான ஹாக்கிப் பயிற்சியில் செலவழித்திருந்தது சராசரியாக 11 ஆண்டுகளில் ஏறத்தாழ 4,400 மணிநேரம். அதற்கு வெளியே தெருவிலும் திடலிலும் கால்பந்தும் ஹாக்கியுமாகத் தாங்களாகவே நிறைய ஆடியிருந்தார்கள். அவர்களுக்குள்ளும் தங்கம் வென்றவர்கள், மற்றவர்களைவிட நீண்ட காலம் வேறு விளையாட்டுகளில் முறையாகப் பங்கெடுத்து, ஹாக்கிக்கு மட்டும் என்று தாமதமாகவே ஒதுங்கியவர்கள். 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பையைத் தூக்கிச் சென்றதும் அதே ஜெர்மனிதான்.

மனத்தோடு உடலின் கணக்கும் சேர்கிறது. ஸ்கேட்டிங்கில் காலை வெளிப்பக்கமாகத் தள்ளி உள்ளிழுக்கும் ஒரே அசைவு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் இடுப்பு மூட்டு அதற்கேற்ப உருமாறுகிறது. 10 முதல் 18 வயது வரையுள்ள ஹாக்கி வீரர்களை அதே வயதுப் பனிச்சறுக்கு வீரர்களோடு ஒப்பிட்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வில், பின்னாளில் வலிக்குக் காரணமாகும் மூட்டெலும்புப் பிதுக்கத்தின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது ஹாக்கிக்காரர்களில் 75 சதவீதம், மற்றவர்களில் 42 சதவீதம். நீரு ஜெயந்தி என்ற மருத்துவரின் குழு சிகாகோ பகுதியில் 1,190 இளம் வீரர்களைப் பின்தொடர்ந்து, எளிதில் நினைவில் நிற்கும் ஓர் அளவுகோலைத் தந்தது. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணிநேரத்துக்கு மேல் முறையான பயிற்சி கொடுத்தால் கடுமையான தேய்மானக் காயங்கள் கூடுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் சொன்னதும் இதையொட்டியதே: 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுப்பு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டிலிருந்து முழு விலகல்.

இன்னொரு சான்று, சீக்கிரமே தேர்ந்தெடுப்பது எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதைக் காட்டுகிறது. கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே தேர்வில் நிற்பார்கள். ஒன்பது வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரம், எடை, வேகம் எல்லாவற்றிலும் தெரியும். முதிர்ச்சியைத் திறமை என்று எண்ணி மூத்தவனை எடுப்பார்கள். அவனுக்கு நல்ல கோச், அதிக ஆட்டம், அதிகக் கவனம் கிடைக்கும். ரோஜர் பார்ன்ஸ்லியும் மற்றவர்களும் இதை 1985-லேயே எடுத்துச் சொன்னார்கள். ராபர்ட் டீனரின் குழு 2013-ல் மிச்சக் கதையைச் சொன்னது. 1980 முதல் 2007 வரை கனடாவிலிருந்து என்.எச்.எல். டிராஃப்டில் தேர்வானவர்களில் ஜனவரி-மார்ச் பிறப்பு 36 சதவீதம். ஆனால் அவர்கள் ஆடியது மொத்த ஆட்டங்களில் 28 சதவீதம், எடுத்த புள்ளிகள் 25 சதவீதம். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தேர்வில் 34 சதவீதம். ஆட்டங்களில் 42, புள்ளிகளில் 44. பின்தங்கியவர்கள் என்று நினைத்தவர்கள்தான் கடைசியில் அதிகம் கொடுத்தார்கள். இந்தக் கணக்கில் வருபவர்கள் எப்படியோ தாக்குப்பிடித்தவர்கள். ஒன்பது வயதில் ஒதுக்கப்பட்டு, பதினொன்றில் ஸ்கேட்டைப் பரணில் போட்டுவிட்ட டிசம்பர்ப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

சரி, இத்தனையும் பல ஆண்டுகளாக வெளியில் கிடக்கும் செய்தி. பயிற்சியாளர் வகுப்புகளில் சொல்கிறார்கள், பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பிறகு ஏன் எவரும் நிறுத்துவதில்லை? பெற்றோர் முட்டாள்கள் என்பது பதில் ஆகாது. ஒரு தகப்பனின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வசந்தகால அணிக்கு என் மகளை அனுப்பாமல் விட்டால், அணியில் மற்ற பதினாறு பேரும் போயிருப்பார்கள். அடுத்த தேர்வில் அவளுக்கு அது குறையாகத் தெரியும். தேர்வாகாவிட்டால் தோழிகளும் போய்விடுவார்கள். ஆகவே அனுப்புவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். மற்ற பதினாறு பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே நீட் கோச்சிங் போகிறது என்றதும் தெரு முழுக்கப் போவதில்லையா, அதே இயக்கம். எல்லாரும் போன பின் எவருக்கும் கூடுதல் அனுகூலம் இல்லை. செலவும் களைப்பும்தான் மிச்சம். இந்த முடிச்சை ஒரு குடும்பம் தனியாக அவிழ்க்க முடியாது. முதலில் விலகுபவர்தான் தோற்பார். எல்லாரையும் ஒரே நாளில் நிறுத்தச்செய்யும் அதிகாரம் ஒன்றுதான் அவிழ்க்கும்.

அப்படி அவிழ்ந்ததற்கு ஐஸ் ஹாக்கியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. எதிராளியை உடலால் மோதித் தள்ளும் பாடி செக்கிங்கை எந்த வயதில் அனுமதிப்பது என்பதில் கனடாவின் மாகாணங்கள் வேறுபட்டிருந்தன. ஆல்பர்ட்டாவில் 11, 12 வயதிலேயே அனுமதி, கியூபெக்கில் இல்லை. கேரொலின் எமரியின் குழு இரண்டு மாகாணங்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒரு சீசன் முழுக்கக் கவனித்து 2010-ல் வெளியிட்ட முடிவு: மோதலை அனுமதித்த இடத்தில் காயமும் மூளை அதிர்ச்சியும் மூன்று மடங்குக்கு மேல். ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்புகளான யூ.எஸ்.ஏ. ஹாக்கி 2011-12 சீசனிலும், ஹாக்கி கனடா 2013-லும் அந்த வயதுப் பிரிவில் அதைத் தடை செய்தன. எதிர்ப்பு பலமாக இருந்தது. பிள்ளைகள் மென்மையாகிவிடுவார்கள், பிறகு பெரிய உடம்போடு மோதும்போது தாங்கமாட்டார்கள் என்றார்கள். தடைக்குப் பிறகு ஆல்பர்ட்டாவில் அதே வயதில் காயங்கள் ஏறக்குறைய பாதியாயின. மூளை அதிர்ச்சி அதைவிடவும் அதிகம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மோதல் ஆபத்து என்று அதற்கு முன்னும் பெற்றோருக்குத் தெரியும். ஆனால் ‘என் மகன் மோதமாட்டான், அவனையும் மோதாதீர்கள்’ என்று ஒரு தாய் எதிரணியிடம் கேட்டுக்கொள்ள முடியுமா? விதி மாறியதும் எல்லாத் தாய்மார்களின் கவலையும் ஒரே நாளில் குறைந்தது.

பயிற்சியின் வடிவத்தையும் விதி மாற்றியிருக்கிறது. முழு ரிங்க், அதாவது பனித்தரைக் களம், 200 அடி நீளம், 85 அடி அகலம். அதில் ஆறு வயதுப் பிள்ளைகளை ஐந்துக்கு ஐந்தாக விட்டால், நன்றாக ஸ்கேட் செய்யும் ஒருவன் பந்துக்குப் பதிலான வட்டை, அதாவது பக்கைத் தள்ளிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் பின்னால் நகர்ந்து வருவார்கள். யூ.எஸ்.ஏ. ஹாக்கி 2009-ல் கொண்டுவந்த அமெரிக்க வளர்ச்சி மாதிரியில் எட்டு வயது வரை ரிங்க்கைக் குறுக்கே பிரித்துச் சிறு களங்களாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பக்கைத் தொடும் தடவை இரட்டிப்பானது. ஷாட்டும் பாஸும் பல மடங்கு கூடின. கூடவே 12 வயதுக்குட்பட்டோருக்கான தேசியச் சாம்பியன் போட்டியை எடுத்துவிட்டார்கள். கனடாவும் 2017-18 சீசனிலிருந்து மிகச் சிறியவர்களுக்குச் சிறு களத்தைக் கட்டாயமாக்கியது. ‘இது நிஜ ஹாக்கி இல்லை’ என்று முணுமுணுத்தவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் வேறு பதில் வந்திருக்கும். ஒரு மணிநேரத்தில் இரண்டு தடவை பக்கைத் தொடுவதற்கும் இருபது தடவை தொடுவதற்கும் உள்ள வித்தியாசம் ஆறு வயதுக்கு நன்றாகவே தெரியும்.

நார்வே இன்னும் மேலே போனது. அந்த நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் குழந்தைகள் விளையாட்டுக்கான விதிகளை 1987-ல் ஏற்றது. பிறகு குழந்தைகளின் உரிமைகளையும் அதோடு சேர்த்தது. பதினோரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் இல்லை. பதின்மூன்றுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி இல்லை. அது சிபாரிசு அல்ல, மீறும் கிளப் தண்டிக்கப்படும். அப்போது ஐம்பத்தைந்து லட்சம் மக்கள்கூட இல்லாதிருந்த அந்த நாடு 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உட்பட 37 பதக்கம் வென்றது. இங்கே ஒருவர் கையை உயர்த்தலாம்: ‘ஐஸ் ஹாக்கியில் நார்வே சாதாரண அணிதானே?’ உண்மைதான். அங்கே ஹாக்கி பனிச்சறுக்குக்குப் பின்னால் நிற்கும் விளையாட்டு. இந்த விதிகள் தாமாகவே பதக்கம் தருகின்றன என்று நான் சொல்லவில்லை. பணமும் மலையும் பாரம்பரியமும் அங்கே இருக்கின்றன. நான் சொல்வது அதைவிடச் சின்னது. பதின்மூன்று வயது வரை பிள்ளைகளைச் சும்மா விட்டால் நாட்டின் விளையாட்டு அழிந்துபோகும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் விட்டுப் பார்த்த நாடு அழியவில்லை.

ஐஸ் ஹாக்கியின் பெரும் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியைச் சொல்லி என்னை மடக்கலாம். பத்து வயதில் ஒரே சீசனில் 378 கோல்; வீட்டுக் கொல்லையில் அப்பா உறையவைத்த பனித்தரையில் இருட்டும்வரை பயிற்சி. இதைவிடச் சீக்கிரத் தீவிரத்துக்கு என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். ஆனால் அதே கிரெட்ஸ்கி வசந்தம் வந்ததும் ஹாக்கி மூட்டையைக் கட்டிவைத்துவிட்டு பேஸ்பாலும் லக்ராஸும் ஆடப் போனவர். அதைப் பல இடங்களில் சொல்லியுமிருக்கிறார். கொல்லைப்புறப் பனியில் கடிகாரமும் கோச்சும் கட்டணமும் கிடையாது. வேண்டாமென்றால் உள்ளே போய்விடலாம். பத்தாயிரம் மணிநேரம் பயிற்சி செய்தால் எவரும் உச்சத்தை எட்டலாம் என்ற கணக்கும் இப்படித்தான். ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-ல் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வை மால்கம் கிளாட்வெல் 2008-ல் ஊரறியச் செய்தார். அது எளிமைப்படுத்தப்பட்ட விதத்தை எரிக்சனே மறுத்தார். 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, விளையாட்டில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள தர வேறுபாட்டில் 18 சதவீதத்துக்கு மட்டுமே திட்டமிட்ட பயிற்சி காரணமென்று தெரிந்தது. பயிற்சி வேண்டும்தான். ஆனால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் தரமும் கூடிக்கொண்டே போகும் என்பது பிழையான கணக்கு.

‘பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்கிறதே, தடுப்பதா?’ என்பது இதைவிட நியாயமான கேள்வி. தடுக்க வேண்டாம். கிளப்பும் லீகும் முகாம் நடத்துபவர்களும் என்ன செய்யலாம் என்பதைத்தான் விதி கட்டுப்படுத்த வேண்டும். பிள்ளை தெருவில் டென்னிஸ் பந்தை மட்டையால் அடிப்பதைக் கட்டுப்படுத்த எவருக்கும் உரிமையில்லை, அவசியமுமில்லை. தானாகப் போய் ஆடுவதும், மாலை ஆறு மணிக்குக் கட்டாயம் ஆஜராவதும் உடலுக்கு ஒரே வேலையாக இருக்கலாம்; மனத்துக்கு அப்படியில்லை. மேலும், பத்து வயதுப் பிள்ளை ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு ஹாக்கிமீதான ஆசை, எவ்வளவு அப்பாவைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற கவலை என்று அதற்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆண்டில் சில மாதம் எல்லாருக்கும் கதவு மூடியிருந்தால் அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் சுமை பிள்ளைக்கு வராது.

என்னை அதிகம் யோசிக்கவைக்கும் ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்து வருவது. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்கும் பையனுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. அரசு விளையாட்டு விடுதியில் இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வேயிலோ காவல்துறையிலோ ராணுவத்திலோ ஒரு வேலை: இத்தனையும் அந்த மட்டையில் தொங்குகிறது. அவனிடம் போய் ‘மூன்று மாதம் வேறு விளையாட்டு ஆடு’ என்று சொல்வது வசதியானவர்களின் உபதேசம் இல்லையா? இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கூர்ந்து பார்த்தால் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. வசதியுள்ள வீட்டில் ஒரு தாயாவது துணிந்து ‘இந்தக் கோடையில் வேண்டாம்’ என்று சொல்லலாம். விடுதிப் பையனுக்கு அப்படிச் சொல்லும் சக்தியே இல்லை. சொன்னால் இடம் போய்விடும். அவனுக்காகச் சொல்லக்கூடியது விதி மட்டும்தான். விடுதியின் காலப்பட்டியலிலேயே நீச்சலும் கால்பந்தும் விடுப்பும் எழுதப்பட்டு, காயமோ தளர்ச்சியோ வந்த ஆண்டில் இடம் பறிபோகாது என்ற உத்தரவாதமும் இருந்தால், அவன் இழப்பது எதுவுமில்லை. தாமதமாகத் தொடங்குவது இந்த ஆட்டத்துக்குப் புதிதுமல்ல. பதினாறு வயதில் ராணுவத்தில் சேர்வதற்குமுன் சொல்லிக்கொள்ளும்படி ஹாக்கி ஆடியதாக நினைவில்லை என்று சொன்னவர் தயான் சந்த். காலம் மாறிவிட்டது, இன்று பதினாறில் தொடங்குவது கடினம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தில் முடிவாகிவிட வேண்டும் என்பதற்கு எந்தக் காலமும் சாட்சி சொல்லவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் சந்தேகம்: விதி போட்டால் பணமுள்ளவர்கள் விதிக்கு வெளியே தனியார் லீக் தொடங்கிவிடுவார்களே? தொடங்குவார்கள், வட அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அவர்களுக்கும் பனி வேண்டும். கனடாவில் ரிங்க்குகள் பலவும் நகராட்சிக்குச் சொந்தம். எந்தக் கிளப்புக்கு எந்த நேரம் என்று ஒதுக்குவதும் நகராட்சியே. பிள்ளைகளுக்கு ஓய்வு மாதம் விடும் கிளப்புக்கு நல்ல நேரம் முதலில் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிச் சிக்கல் தானாக வழிக்கு வரும். பயிற்சியாளர் உரிமத்தையும் இதோடு பிணைக்கலாம். முழுவதும் அடைக்க முடியாத ஓட்டை என்பதற்காக விதியே வேண்டாம் என்று எவரும் வேறெந்த விஷயத்திலும் சொல்வதில்லை.

நான் கேட்பது நான்கே விதிகள். பன்னிரண்டு வயது வரை தரவரிசையும் மாநில, தேசியப் பட்டங்களும் வேண்டாம். ஆண்டில் மூன்று மாதம், தவணையாகவேனும், கிளப்பின் கதவு மூடியிருக்கட்டும். தேர்வுக் குழு பிள்ளைகளின் பிறந்த மாதத்தைத் தாளில் பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுக்கட்டும். ஒதுக்கப்பட்டவர்களை ஆண்டுதோறும் மறுபடி பார்க்கட்டும். நான்காவதுதான் எல்லாவற்றையும்விட மலிவானது: ஒவ்வொரு கிளப்பும், போன ஆண்டு ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ஆண்டு திரும்பி வந்தார்கள் என்ற எண்ணை வெளியிடட்டும். கோப்பைகளின் எண்ணிக்கையைப் போட்டு விளம்பரம் செய்யும் பயிற்சியாளரை இந்த ஒரு எண் வேறு விதமாக யோசிக்கவைக்கும். கனடாவில் பிள்ளைகள் ஆடும் கிளப்புகள் பெரும்பாலும் உறுப்பினர் சங்கங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டமும் அதில் பெற்றோருக்கு வாக்கும் உண்டு. ரிங்க்கின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்ளும் பத்துப் பெற்றோர் அந்தக் கூட்டத்துக்கு ஒன்றாகப் போய் இந்த எண்ணைக் கேட்டாலே வேலை தொடங்கிவிடும். தனியாக மகளை வீட்டில் நிறுத்திக்கொள்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். பத்துப் பேராகக் கையை உயர்த்த அவ்வளவு தேவையில்லை.